பாக்கி

காட்பாடி மேம்பாலம் இறங்கியதும்
ஜெராக்ஸ் கடை மாடியில்
இன்னும் இருக்கிறது அந்த மெக்சிகன் கடை.
சுவரில் வரைந்த கள்ளிச்செடிக்கு மட்டும்
யாரோ புதுப் பச்சை அடித்திருக்கிறார்கள்.

மே மாதம். நூற்றெட்டு டிகிரி.
படியேறிய மூச்சு அடங்குமுன்
மெனுவைத் திறக்காமலே
"ஏழாம் நம்பர் நாலு" என்றாள் தபசும்.
ஏழில் இப்போது பாஸ்தாவாம்.

முனிரத்தினம் மெக்சிகோ பார்த்ததில்லை.
சரக்குக் கப்பலில் சமைத்த நாளில்
கூட வேலை செய்தவனிடம் பிடித்த கைப்பக்குவம்.
சோள ரொட்டிக்குள் ராஜ்மா,
அதன்மேல்
சுட்டு மசித்த முள்ளுக்கத்தரிக்காய்.
வேறெங்கும் கிடைக்காது.
இதற்காகத்தான் பெங்களூரில் விடிகாலை ரயில் பிடித்தோம்.

"பழைய ஏழு வேணும்ணே."
அவர் எங்களை உற்றுப் பார்த்தார்.
"எபிநேசர் கூட்டாளிங்களா?"
கல்லாவுக்கு அடியிலிருந்து
எண்ணெய்க் கறை படிந்த நோட்டு வந்தது.
ஆறு வருஷத்துக்கு முந்தைய பக்கம்:
எபிநேசர், முந்நூற்று நாற்பது.

ரயிலில் மூன்று மணி நேரம்
அந்தப் பெயரைத் தாண்டித் தாண்டித்தான்
பேசி வந்திருந்தோம்.

இளம்பரிதி பர்ஸை எடுத்தான்.
"வை உள்ள" என்றாள் கோகிலவாணி.
"அதுல பாதி நான் தின்னது."
நூற்று எழுபதை எண்ணி வைத்தாள்,
கடைசி இருபது சில்லறையாக.

மீதியை யாரும் கேட்கவில்லை.
முனிரத்தினம் பழைய எண்ணை அடித்துவிட்டுப்
பக்கத்தில் புதிதாக எழுதினார்.
பெயரை அப்படியே விட்டார்.

ரொட்டி வந்தது, விளிம்பு கருகி.
முதல் கடியிலேயே அவளுக்குக் கண்ணில் நீர்.
"காரம்" என்றாள்.
காரம் அன்றைக்குக் கொஞ்சம் குறைவுதான்.