இறங்குமிடம்

போத்தித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
இருபது டன் பெட்டியை
கப்பலின் வயிற்றில்
முட்டை வைப்பதுபோல் வைத்துவிடுவேன்.

இப்போது சமையலறைத் தரையில் மண்டியிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கரண்டியைத் தட்டிவிட்டாள் தமுனா.
சுவரெல்லாம் கேரட் மசியல்.
சரி, உன் இஷ்டம் என்று
வெந்த பூசணியை விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்தேன்.

முதல் துண்டு
பிடித்த பிடியில் நசுங்கி
விரலிடுக்கில் வழிந்தது.
இரண்டாவது காதுக்குப் போனது.
மூன்றாவது வாய்க்குள்.
குமட்டினாள். கண்ணில் நீர்.
பாதி தூரம் போன என் கை
அந்தரத்தில் நின்றது.

இருமினாள், துப்பினாள்,
துப்பியதையே எடுத்து
இரண்டே பல்லால் கடிக்கிறாள்.

ஈரக் குடையோடு வாசலில் மாக்கா:
"ஏதாவது சாப்பிட்டாளா?"

"ஒன்று," என்றேன்,
"இறங்கிவிட்டது."