அளவுக் கொப்பி

களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் பின்னால்
மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் தையல்கடை.
இரண்டு கொப்பி வைத்திருக்கிறேன்.
நீல மட்டையில் ஆண்கள்,
சிவப்பு மட்டையில் பெண்கள்.
சின்னப் பிள்ளைகளை எதில் எழுதுவதென்று
ஒழுங்கில்லை எனக்கு;
கையில் அகப்பட்டதின் கடைசித் தாளில்
தலைகீழாக எழுதுவேன்.

மார்கழி மழை விட்டிருந்த ஒரு பின்னேரம்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓர் ஆள் ஏறிவந்தது.
கையில் மருதமுனைத் துணி, இரண்டரை யார்,
புகைநிறத்தில் மெல்லிய மஞ்சள் கோடு.
"ஒரு சேட்டு தைக்கவேணும்."
ஆருக்கு என்றேன்.
"எனக்குத்தான்."
ஹெல்மெட் கழன்றது. ஒட்ட வெட்டிய தலை,
ஒற்றைக் காதில் சின்னத் தோடு,
தடிமன் பிடித்து இரு பக்கமும் சேராத குரல்.
பேர் எழில். ஊர் பெரியகல்லாறு.
அதற்கு மேலும் கேட்க வாய் உன்னியது.
குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

நாடா எதையும் கேட்பதில்லை.
தோள் பதினாறரை. கை இருபத்திரண்டு.
நெஞ்சு முப்பத்தாறு.
"கொஞ்சம் லூசா விடுங்க அக்கா, மூச்சு விடவேணும்."

பட்டன் எந்தப் பக்கம்?
இதில் பிடித்துவிடலாமென்றுதான் கேட்டேன்,
மறைப்பானேன்.
"நான் இடக்கை.
இடக்கைக்கு எது சுகமோ அந்தப் பக்கம்."

கட்டுநாயக்காவில் ஆறு வருசம்
பதினாலாம் லைனில் பட்டன்துளை வெட்டினவள் நான்.
ஆண்களுக்கு இடப்பக்கம் துளை, பெண்களுக்கு வலப்பக்கம்.
ஏன் சேர் என்று ஒருநாள் சுப்பர்வைசரைக் கேட்டேன்.
பையர் கேட்டது என்றார்.
பையரிடம் ஆர் கேட்டதென்று
அவருக்கும் தெரியாது.
நாளுக்கு எண்ணூறு துளை வெட்டி
உலகத்தின் ஆண்களையும் பெண்களையும்
ஒரு விரல் அகலத்தில் பிரித்துவைத்துவிட்டு
விடுதிக்குப் போய்ப் பருப்புக்கறி சாப்பிட்டேன்.

பொக்கற்?
"ரெண்டு. ஆழமா. போன், பஸ்காசு, இன்ஹேலர்."
இந்த இடத்தில் கொஞ்சம் கூசிப்போனேன்.
சிவப்புக் கொப்பியை முழுக்கப் புரட்டினாலும்
ஒரு பொக்கற் இல்லை.
கேட்ட ஒருத்திக்கும்
வடிவு கெட்டுப்போகும் பிள்ளை என்று
நானேதான் சொல்லியனுப்பினேன்.
என் காசு மட்டும் எங்கே இருக்கிறது?
சட்டைக்குள், வேர்வையில் ஊறி.

துணியை விரித்துச் சோக்குக் கட்டியால் கோடு இழுத்தபோது
எட்டாம் வகுப்பு இலக்கணம் வந்தது, அழையாமல்.
சட்டை, கதிரை, குடம், அஃறிணை.
ஒன்று என்றால் ஒன்றன்பால், பல என்றால் பலவின்பால்.
ஆண்பால் பெண்பால் அங்கே நுழையவே மாட்டா.
அந்தப் பாடத்தில் நாற்பத்தைந்துக்கு மேல்
நான் எடுத்ததில்லை.

வீட்டிலும் இதுதானே நடக்கிறது.
கிணற்றடியில் நான் குறுக்காய்க் கட்டிய சாரன்
விடிய தவசீலனின் இடுப்பில்
மீன் வாங்கப் போகும்.
கொடியில் காயும் நேரம்
அதற்கு ஒருத்தரும் சொந்தமில்லை.

சனிக்கிழமை எழில் வந்து போட்டுப் பார்த்தது.
கண்ணாடியைப் பார்க்கவில்லை முதலில்.
இரண்டு கையும் பொக்கற்றுக்குள் இறங்கி
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றன.
பிறகு இடக்கை ஏறிவந்து
மேல் பட்டனைத் தேடாமல் பூட்டியது.
எண்ணூறு ரூபாய், மீதி வேண்டாமென்றது.
மோட்டார்சைக்கிள் சத்தம் பாலம் வரைக்கும் கேட்டது.

அளவை எழுதவேண்டும்,
திரும்பி வரும் ஆள்.
நீலத்தை எடுத்தேன், வைத்தேன்,
சிவப்பை எடுத்தேன்.
இன்னும் எழுதவில்லை.
இரண்டு மட்டைக்கும் இடையில்
மருந்துக்கடை உறை ஒன்றைக் கிழித்துச் செருகியிருக்கிறேன்:
எழில். பதினாறரை, இருபத்திரண்டு, முப்பத்தாறு.
பொக்கற் ஆழம்.
இடக்கை.