மங்கலாக எரிவது

எமரால்டு அணை, ஆய்வாளர் விடுதி, அறை மூன்று.
கட்டிலில் வரிசையாக ஐந்து டார்ச்.
நாளைக் காலை மதகின் வாய்க்கு இறங்குகிறவர் செலஸ்டின்,
கரையில் கயிறு பிடிக்கிறவள் நான்.
பெரிய விளக்கு அவர் பாடு.
அது அணைந்தால் எரியவேண்டியது எது
என்பது என் பாடு.

முதலாவது, பட்டன் வைத்தது.
பைக்குள் மற்ற சாமானோடு நசுங்கி
தானே எரிந்து தானே தீர்ந்து
தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தபோது
சூடு ஆறாத பிணம்.

இரண்டாவதற்கு மூன்று வகை வெளிச்சம்,
கூடவே ஆபத்துக்கென்று ஒரு மின்னல்.
ஆபத்தில் இருக்கிறவன்
ஒன்று இரண்டு மூன்று என்று
அமுக்கி எண்ணிக்கொண்டிருக்க மாட்டான்.

மூன்றாவது, சார்ஜ் ஏற்றுவது.
வீட்டில் நாலு மணி நேரம் எரிந்தது.
இங்கே, தை மாதத்துக் குழாய்த் தண்ணீரில்
வாளிக்குள் போட்டு வைத்தேன்.
நாற்பது நிமிடம். பட்டென்று போய்விட்டது.
மங்கிச் சாகிற விளக்கை மன்னிக்கலாம்,
இதை முடியாது.

நான்காவதில் குறையே தெரியவில்லை.
அதனாலேயே திருகித் திறந்து
ஓ-ரிங்கை நெம்பி எடுத்து
ஜன்னலோரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.
ஒரு முடி.
நீளத்தைப் பார்த்தால் என்னுடையது.
பதினெட்டு மீட்டர் தண்ணீர் உள்ளே நுழைய
அந்த அகலம் போதும்.
துடைத்து, துளி கிரீஸ் தடவி, மூடினேன்.
இடது தோளுக்கு.

ஐந்தாவது
தலையைத் திருகினால் எரியும்,
திருப்பித் திருகினால் அணையும்,
வேறெதுவும் அதற்குத் தெரியாது.
எமரால்டு பஜார் மளிகைக் கடையில்
ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிற
பென்சில் செல் போதும்.
உறை மாட்டிய விரலுக்கும் திருகு பிடிபடுகிறது.
வெளிச்சம்தான் நெல்லிக்காய் அளவு.
வலது தோளுக்கு.
சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி
வாரோடு சேர்த்து மாட்டினேன்.
கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை எடுத்தேன்,
ஏழாவது முறை தடுமாறியதால் மறுபடி பத்து.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
மின்சாரம் செய்கிற தண்ணீரின் கரையில்!
காவலர் ஜோகி கதவைத் தட்டினார்:
"கேட்டுக்கிட்ட காட்டெருமை நிக்குதும்மா,
என் டார்ச்சுல செல் இல்ல,
அந்தச் சின்னது குடுங்க, அஞ்சு நிமிஷம்."
கை ஐந்தாவதைக் காட்டியது.
இல்லை என்றேன். இரண்டாவதைக் கொடுத்தேன்.
எதையோ அமுக்கியிருக்கிறார்,
பனிமூட்டம் முழுக்க மின்னியது.
மாடு தேயிலைக்குள் இறங்கிப் போனதாம்.
நிறுத்தத் தெரியாமல்
மழைக்கோட்டுக்குள் பொத்திக்கொண்டு வந்தார்,
நெஞ்சு விட்டு விட்டு எரிந்தது.

காலையில் தண்ணீர் டிக்காஷன் நிறம்.
மதகைப் பூட்டிய சாவி என் பையில்.
பெரிய வெளிச்சம் இறங்கியது,
பச்சையானது, பழுப்பானது,
பிறகு இருப்பதாக நானே நினைத்துக்கொள்வதானது.
ஏழாயிரம் அடி உயரத்தில்
பதினெட்டு மீட்டர் என்பது
அட்டவணையில் பதினெட்டு இல்லை.
கயிறு ஒருமுறை இழுத்தது: நலம்.
இன்னொருமுறை: நலம்.
இருபத்தோராவது நிமிடம் சும்மா கிடந்தது.
எவ்வளவு நேரம் என்று
நோட்டில் நான் எழுதவில்லை.

மேலே வந்தபோது
பெரியது மணிக்கட்டில் இருட்டாகத் தொங்கியது.
வலது தோளில், பகல் வெயிலில்
எரிகிறதா என்றே தெரியாமல்
எரிந்துகொண்டிருந்தது அது.
வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டுச் சொன்னார்:
"சல்லடைக் கம்பில ஒரு சீகை மரம்,
வேரோட சிக்கியிருக்கு. டீ இருக்கா?"
விளக்கைப் பற்றி அவர் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் செல்களை வெளியே எடுத்தேன்.
பாதிக்கு மேல் உயிர் இருந்தது.
இருந்தாலும் அடுத்த இறக்கத்துக்குப் புதுசுதான்,
அதில் பேச்சில்லை.
எடுத்ததை ஜோகியின் டார்ச்சில் போட்டுக் கொடுத்தேன்.
உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார், எரிந்தது.
கேட் வரைக்கும் வெளிச்சமாகப் போனார்.
திரும்பி வரும்போது இருட்டில் வந்தார்.
"வழி தெரியும்மா," என்றார்,
"அது இருக்கட்டும்."