கீழே யாராவது

அசோசியேஷன் அனுமதி
ஞாயிறு ஏழு முதல் பத்து வரை.
அதற்குள் எண்ணெய் மாற்றி, தரை துடைத்து,
செயலாளர் சடகோபன் மூக்குக்கு எட்டாதபடி
நாற்றத்தையும் அப்புறப்படுத்திவிட வேண்டும்.

என் இடம் வழக்கம்போல் சாய்வு.
அளக்கக் கருவி இல்லை,
மகளின் கோலிக்குண்டை வைத்தேன்.
கேட் வரைக்கும் ஓடியது.
ரெஜினா டீச்சர் தூத்துக்குடி போயிருக்கிறார்,
அவர் இடத்தில் வைத்தேன்.
கோலி கொஞ்சம் யோசித்தது,
நின்றுவிட்டது.
அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினேன் ஆல்டோவை.

ஹேண்ட் பிரேக். முதல் கியர்.
பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை.
ஆப்பு வைப்பதென்றால் இந்த ஊரில்
கெடுதல் என்றுதான் பொருள்.
சக்கரத்துக்கு வைப்பது மட்டும் விதிவிலக்கு.

இன்டர்லாக் கல் கனம் தாங்காமல் அமிழும்,
அதனால் ஜாக்கிக்கு அடியில்
பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகை.
ஒரு அழுத்துக்கு ஒரு விரற்கடை.
முன்சக்கரங்கள் முதலில் தளர்ந்து தொங்கின,
பிறகு தரையை விட்டன.
கதவுக்குக் கீழே தகட்டு விளிம்பில்
இரண்டு வெட்டுக்குறி இருக்கும்,
கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பார்க்க வேண்டும்.
அங்கே ஒரு ஸ்டாண்ட், மறுபக்கம் ஒரு ஸ்டாண்ட்.
போதாதென்று ஸ்டெப்னியையும்
படுக்கப்போட்டேன் பக்கவாட்டில்.

பால் பாக்கெட்டோடு வந்தார் சடகோபன்.
"எதுக்கும்மா இவ்வளவு? ஜாக்கி ஒண்ணே தாங்குமே.
எங்க ஆபீஸ் டிரைவர் அப்படித்தான் செய்வான்."
அந்த டிரைவர் இப்போது எங்கே என்று
நான் கேட்கவில்லை.

ஜாக்கி தூக்கத்தான். தாங்க அல்ல.
மெல்ல இறக்கி
பாரத்தை ஸ்டாண்டுகளுக்குக் கைமாற்றிவிட்டு
இருபத்தொன்பது சி-யில் ஏறும் கூட்டம் மாதிரி
வண்டியை இடித்தேன், உலுக்கினேன்.
அசைந்துகொடுக்கவில்லை.
ஃபிரிட்ஜ் வந்த அட்டையை விரித்து
மல்லாந்து உள்ளே போனேன்.

மேலே வெள்ளைக் கார்.
கீழே அதற்கு நிறமே வேறு.
டிசம்பர் தண்ணீர் விட்டுப்போன சேறு,
கொன்னூர் ஹைரோட்டுத் தார்,
எங்கிருந்தோ ஒட்டிவந்த பட்டுப்புடவை ஜரிகை ஒரு இழை.
எட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்,
இந்த முகத்தைப் பார்த்ததில்லை.

ஸ்பேனர் ஒருமுறை வழுக்கியது, பிறகு பிடித்தது.
எண்ணெய் கரிய நூலாக, வெதுவெதுப்பாக
பேசினில் இறங்கிக்கொண்டிருந்தபோது

முதுகுக்கு அடியில் தரை உறுமியது.

பேசின் முழுக்க வட்டம் வட்டமாகச் சுருக்கம்.
முதலில் வெளியே வந்தேன்.
பிறகுதான் யோசித்தேன்.
இந்த வரிசை மாறக்கூடாது.

மெட்ரோ. சுரங்கம் குடையும் எந்திரம்
இந்த வாரம் எங்கள் தெருவுக்கு அடியில் போகுமென்று
லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.
சடகோபன் கையெழுத்துதான்.

ஸ்டாண்டுகளைப் பார்த்தேன்,
நூலளவும் நகரவில்லை.
மறுபடி இடித்தேன், மறுபடி உலுக்கினேன்,
மறுபடி படுத்தேன்.

என் மேல் எழுநூறு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம்.
அவர்கள் மேல்
நான், என் வண்டி,
நான்கு மாடி, டேங்கில் தண்ணீர்,
சடகோபன், அவர் பால் பாக்கெட்,
அயனாவரம் மொத்தமும்.
ஜார்க்கண்டோ ஒடிசாவோ, யாரோ ஒருவன்
இந்த நேரத்தில் அங்கே
வளையத்துக்கு வளையம் முட்டுக்கொடுத்து
கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான்.
அவனும் இடித்துப் பார்ப்பானா,
நம்புவதற்கு முன்னால்?

திருகை முடுக்கினேன். ஃபில்டர் மாற்றினேன்.
புது எண்ணெய் தேன் நிறத்தில் மேலேயிருந்து போனது.
மணி ஒன்பதே முக்கால்.

ஜாக்கியில் மறுபடி ஏற்றி,
ஸ்டாண்டுகளையும் ஸ்டெப்னியையும் இழுத்துவிட்டு,
இறக்குவதற்கு முன் குனிந்து
வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்:
"கீழே யாராவது இருக்கீங்களா?"

சாம்பல் பூனை ஒன்று
சோம்பல் முறித்து வெளியே வந்தது,
என்னைத் தொந்தரவுக்காரி என்பதுபோல் பார்த்தது.

வேறு யாரும் இல்லை என்று
சொல்ல வாய் வரவில்லை.

வால்வைத் திருகினேன்,
மெதுவாக,
எப்போதையும்விட மெதுவாக.