இரண்டரைக் கட்டை

ஹட்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
டயர் ஒட்டும் கடைக்கு மேல்மாடி.
பெட்ரோனிலா குழல் செய்யுமிடம்.
ஏறும்போதே நெடி: சுட்ட மூங்கில்,
கீழேயிருந்து ரப்பர்.

"இப்ப என்ன வச்சிருக்கீங்க?"
காட்டினேன். தேர்க்கடையில்
முந்நூறு ரூபாய்க்கு வாங்கியது,
பச்சை நூல், தங்கச் சாயம்.
ஒரு தடவை ஊதிப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை. அதற்கே நன்றி.
"இதோட காந்தாரம்
உங்க குத்தமில்ல" என்றாள்.

ஏழு வருஷம்
என் விரலைத் திட்டியிருக்கிறேன்.

மேசையில் மூன்றை வைத்தாள்.
நூலில்லை, மினுக்கில்லை.
"ஒடனே ஊதாதீங்க.
கக்கத்துல வைங்க கொஞ்ச நேரம்.
இந்தக் குளிருக்கு எல்லாமே இறங்கித்தான் பேசும்.
கொழும்புல சரியா இருந்திச்சின்னு வாங்கிட்டு வந்து
இங்க நின்னு அழுதவங்க நெறைய."

காத்திருக்கையில் தேத்தண்ணி வந்தது.
அடுப்பில் எரிவதைப் பார்த்தேன்:
துளையிட்ட மூங்கில்கள்.
எட்டுத் துளையிலும் தீ
ஒவ்வொன்றாய் எட்டிப்பார்த்தது.
"பதினொண்ணு செஞ்சா ஒண்ணு நிக்கும்.
மத்தத வித்தா, வாங்கினவன்
தன்னையே நொந்துக்குவான்."

நான் பெக்டரியில் சலிப்பறை.
கண்ணை மூடிக்கொண்டு தரம் சொல்வேன்.
நல்ல இலை கப்பலுக்கு,
கடைசிச் சல்லடையில் விழுவது
எங்கள் கோப்பைக்கு.
முதல்தரத்துக்கு முன்னால்
வாங்குகிறவனாக உட்கார்ந்தது
முப்பத்தொன்பது வயதில், இன்று.

முதல் குழல் இனித்தது.
கொஞ்சம் சீக்கிரமாகவே இனித்தது.
இரண்டாவது மேலே நன்றாக ஏறும்,
கீழே இறங்கினால் இருமும்.
மூன்றாவது என்னை மதிக்கவேயில்லை.
காற்று, வெறும் காற்று.
உதட்டை ஒரு நெல்லளவு திருப்பினேன்.

பஞ்சமம்.

கீழே டயர்காரனின் சுத்தியல் நின்றது.
வேலை முடிந்தும் இருக்கலாம்.

விலை சொன்னாள்:
என் கணக்கில் அது இரண்டு சீட்டு,
ஒரு தீபாவளி முற்பணம்.
"மொதல்ல ஊதினது பாதி வெல" என்று அவளே சொன்னாள்,
"ஆனா ஒரு வருஷத்துல
திரும்ப இந்தப் படி ஏறுவீங்க."

நோர்வூட் பஸ்ஸில்
சட்டைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.
வனராஜா வளைவில் பனி ஜன்னலுக்குள் வந்தது.
"என்னண்ணே, பைப்பா?" கண்டக்டர்.
"ம். பைப்புதான்."

லயத்து வாசலில் அமராவதி கையை நீட்டினாள்.
தினமும் இருபது கிலோ கொழுந்தோடு
மலை இறங்குகிறவள்.
தண்ணிக்கென்று தராசுக்காரன் கழிக்கும்
இரண்டு கிலோவை
தோளாலேயே கண்டுபிடிக்கிறவள்.
உள்ளங்கையில் வைத்து நிறுத்தாள்.
"இவ்வளவுதானா கனம்?"

விலை கேட்டாள்.
பாதியைச் சொன்னேன்.

மறுபடியும்
நிறுத்துப் பார்த்தாள்.