காரணம்: மற்றவை

சான் மாலோ வெளித்துறையில்
மிதவை மேடையோடு ஏறி இறங்கும் ஒரு சாம்பல் பெட்டி.
உள்ளே ஸ்விட்ச். இருபத்து நான்கு துளை.
டிக்கெட் வாயில், கேமரா, காற்றுமானி,
காப்பி இயந்திரம்கூட
அதன் வழியாகத்தான் கரையோடு பேசும்.

அதை விசாரிப்பது என் வேலை.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
உடம்பு எவ்வளவு சூடு, எத்தனை பொட்டலம் கடந்தது,
எத்தனை வழியில் உடைந்தது.
பதில் பச்சைக் கோடாய்த் திரையில் ஊரும்.
பதினோரு வருடத்தில் ஒருமுறையும்
அது என்னைத் திரும்பக் கேட்டதில்லை.

மார்ச்சில் கோடு அறுந்தது.
நாற்பது நொடி. பிறகு ஒட்டிக்கொண்டது.
பதிவேட்டைத் திறந்தால்
கரைக்கு வரும் இருபத்து நான்காம் போர்ட்
விழுந்தது எழுந்தது
விழுந்தது எழுந்தது.

முதல் சந்தேகம் என்மேல்.
முந்தின வாரம் கேமராக்களைத் தனி விலானுக்கு மாற்றியவள் நான்.
ஓடும் அமைப்பு வேறு, சேமித்த அமைப்பு வேறு;
சேமிக்க மறந்தால், மின்சாரம் போய் வந்ததும்
போன வருட நினைப்போடு எழுந்து உட்காரும் பெட்டி.
இரண்டையும் அருகருகே வைத்து வரிக்கு வரி பார்த்தேன்.
ஒரு புள்ளி பிசகவில்லை.

அதோடு விட்டிருக்கலாம்.
கை சும்மா இருக்கவில்லை.
டிரங்கின் அனுமதிப் பட்டியலைத் திருத்தப் போனேன்,
வழக்கமான சத்தியத்தை வாங்கிக்கொண்டு:
பத்து நிமிடத்தில் நான் வந்து வேண்டாம் என்று சொல்லாவிட்டால்
இப்போது சொல்வதை எல்லாம் மறந்து
புதிதாய்த் தொடங்கு.
முப்பது என்பதற்கு முந்நூறு என்று தட்டினேன்.
என் முகத்திலேயே கதவு சாத்திக்கொண்டது.

தொலைபேசியில் ரிவால்.
"க்வெனோலா, நீதானா?"
"நான்தான். கொஞ்சம் பொறு."
"ஜெர்சிக்குப் போகிறவர்கள் நூற்றிருபது பேர். மழை."
"ஏழு நிமிடம்."
"அதை நீ வந்து அவர்களிடம் சொல்."
பெட்டி சொன்ன சொல் தவறவில்லை.
பத்தாம் நிமிடம் செத்து
பதின்மூன்றாம் நிமிடம் பழைய எண்ணோடு எழுந்தது.

மறுநாளும் போர்ட் விழுந்தது.
நேரங்களைக் காகிதத்தில் குறித்தேன்.
ராத்திரி ஒன்று பத்து. பகல் ஒன்று முப்பது.
ராத்திரி ஒன்று ஐம்பது. பகல் இரண்டு பத்து.
அப்புறம் பத்து நாள் சத்தமில்லை.
மறுபடி, ராத்திரி ஒன்று ஐந்து.
எந்த இயந்திரமும்
தினம் நாற்பது நிமிடம் தாமதித்து வேலைக்கு வராது.
வருகிறவர் ஒருவர் உண்டு.

துறை அலுவலகத்தில் இரண்டு யூரோ கொடுத்து
ஓத அட்டவணை வாங்கிவந்து
பதிவேட்டின் பக்கத்தில் விரித்தேன்.
அமாவாசை போய் இரண்டாம் நாள்.
பௌர்ணமி போய் இரண்டாம் நாள்.
கடல் பன்னிரண்டு மீட்டர் கீழிறங்கும் வேளை.

அடுத்த உவா கழிந்ததும்
ரிவாலோடு போய் நின்றேன்.
பகல் ஒன்று நாற்பது. நீர் வடிய வடிய
மேடை தாழ்ந்தது, நடைபாலம் ஏணியாய்ச் சரிந்தது,
கைப்பிடியில் கட்டிய நீலக் கேபிள்
இருந்த தொய்வெல்லாம் தீர்ந்து விறைத்தது.
போன கோடையில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று
இதை இழுத்துக் கட்டியது யார்? கேட்டேன்.
ரிவால் தண்ணீரைப் பார்த்தார்.
பெட்டிக்குள் ஒரு விளக்கு அணைந்தது.
எதிர் மணலில் சிப்பி பொறுக்குகிறவர்கள்
குனிந்த தலை நிமிரவில்லை.

ஒன்றரை மீட்டர் கேபிள் கேட்டு எழுதியிருக்கிறேன்.
ஜூனில் வருமாம்.
அதுவரை, அட்டவணை பார்த்து எச்சரிக்கை மணியின் வாயைக் கட்டுகிறேன்.
போர்ட்டின் விவரத்தில்
"கடல் இறங்கினால் இழுபடும்" என்று எழுதி
மறக்காமல் சேமித்தேன்.

அறிக்கைப் படிவம் காரணம் கேட்டது.
வன்பொருள். மென்பொருள். மனிதப் பிழை. மற்றவை.
மூன்றாவதில் கொஞ்சம் நின்று
ரிவாலின் முகம் ஞாபகம் வந்து
கீழே இறங்கினேன்.

நேற்று ராத்திரி மணி அடிக்கவில்லை.
ஆனாலும் ஒன்று இருபதுக்கு விழித்தேன்.
திரையில் கோடு அறுந்து, ஒட்டியது.
எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.
மேகம்.