சீனி போடாத ஐஸ்

பதினோரு மணிக்கே தார் இளகிவிடுகிறது.
மில்லுக்குப் போகும் லாரியிலிருந்து உதிர்ந்த
செம்பனைப் பழங்கள் நசுங்கி
பீடோர் சாலை நெடுக எண்ணெய் நெடி.
மழை பெய்து இருபத்தாறு நாள்.

கிச்சாப் குளியலறை வாசலில்
வயிற்றைச் சிமெண்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது,
யாரோ ஊற்றிவிட்டுத் துடைக்க மறந்த மாதிரி.
கறுப்பு என்பதால் அந்தப் பேர்.
பாட்டிலில் வரும் கிச்சாப்புக்கு
இவ்வளவு முடி கொட்டாது.

கொய்யாக் கடை ஆ லான்
அடிபட்ட பழங்களைத் தனியே வைத்திருப்பாள்.
மூன்று வெள்ளி, பை நிறைய.
வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்றாள் மலாயில்.
ஒன்று என்றேன்.
எத்தனை கால் என்று அவள் கேட்கவில்லை.

வெட்டி, விதைச்சதையைக் கரண்டியால் வழித்தெடுத்து,
ஒரு துண்டு பப்பாளி சேர்த்து,
தெம்பிக்காய் கிடைத்த நாளில் அதுவும்,
அதன் விதைகளை ஊசிமுனையில்
ஒவ்வொன்றாய்க் கெல்லி.
தாப்பாவில் மிருக டாக்டர்
விரல் மடக்கிச் சொல்லியிருந்தார்:
திராட்சை கூடாது,
கொட்டை கூடாது,
சீனி கூடவே கூடாது.
மூன்றாவதை மட்டும்
அரசாங்க கிளினிக்கில் எனக்கும் சொல்லி
ஆறு வருஷம் ஆகிறது.
எனக்காகக் கேட்டதில்லை.
நாய்க்காகக் கேட்கிறேன்.

மசித்து, நீளப் பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி,
சிவப்பு ரப்பர் வளையம் போட்டு
ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் படுக்க வைப்பேன்.
பச்சை வளையம் போட்டவை நாத்தனார் தவமலருடையவை:
சிராப், மைலோ, அசாம்போய்.
ஒன்று ஐம்பது காசு.
வாசல் கிரில்லில் அட்டை தொங்குகிறது.

லயத்தை இடித்த வருஷம்
கிராணி கொண்டுவந்த பட்டியலில்
ஆட்களுக்கு எண் இருந்தது,
மாடுகளுக்கும் இருந்தது.
நாய்க்கு வரிசை இல்லை.
அலமாரி, தையல் மெஷின், நாங்கள் ஆறு பேர்,
அவ்வளவுதான் லாரி கொள்ளும் என்றார்கள்.
மறுநாள் மத்தியானம்
புதுவீட்டுக் கேட்டருகே கறுப்பாக ஒன்று நின்றது.
பதினோரு கிலோமீட்டர்.
இதே பங்குனி.
நாலு பாதமும் தோல் உரிந்து,
கொய்யாவை வெட்டினால் தெரியுமே,
அந்த நிறத்தில்.

போன செவ்வாய் சிவப்பு வளையம் தீர்ந்துபோயிற்று.
பச்சையைப் போட்டேன்.
விடிந்ததும் மறந்துபோனேன்.

பள்ளி விட்டு வந்த தர்வின், பின்வரிசை வீட்டுப் பையன்,
வாயில் ஐஸோடு கேட்டைத் தாண்டியவன்
திரும்பி வந்தான்.
"ஆண்டி, இதுல சீனியே இல்ல."
தவமலர் என்னைப் பார்த்தாள்.
நான் கிச்சாப்பைப் பார்த்தேன்.
கிச்சாப் அவன் கையைப் பார்த்தது.

"நாயோடதா?"
"ம்."
அதற்குள் பாதி கரைந்திருந்தது அவன் வாயில்.
துப்பவில்லை. காசையும் திருப்பி வாங்கவில்லை.
பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்து உரித்து
மிச்சத்தைத் தரையில் வைத்தான்.
"நல்லாத்தான் இருக்கு லா," என்றான்
எங்கள் மூவரில் யாரிடமோ.

வெள்ளிக்கிழமை அட்டையில்
நீல மையில் நாலாவது வரி ஏறியிருந்தது:
கொய்யா, சீனி இல்லை, முப்பது காசு.
யாருக்கென்று எழுதவில்லை தவமலர்.
வியாபாரம் தெரிந்தவள்.

மில் கேட்டு ஜாகா, நேபாளத்து லோக்மான்,
தினம் இரண்டு வாங்குகிறார்.
ஒன்று அங்கே குட்டி போட்டிருக்கும் செவலைக்கு.
மற்றதைப் பற்றி நான் கேட்பதில்லை,
என்னிடமும் யாரும் கேட்காதவரை.

கிச்சாப்பின் பங்கை
விளிம்பு பெயர்ந்த மங்கில் வைக்கிறேன்.
கடைவாயில் ஒரே பல்தான் மிச்சம்,
கடிக்க முடியாது, கரையக் காத்திருக்க வேண்டும்.
ஆனாலும் அது உடனே நக்குவதில்லை.
முன்னங்காலை எடுத்து
ஐஸின்மேல் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் கண்ணை மூடுகிறது.
பிறகு மற்றக் காலை.